எஞ்சின் மாத்தேக்க மவுண்ட் பொருத்துறது எப்பிடி?

1983–87 காலத்து டொயோட்டா ஏஈ86 ஒண்டின்ர 1.6 லீற்றர் எஞ்சினைக் கழட்டிப்போட்டு, அல்டெஸ்ஸாவின்ர 2 லீற்றர் 3எஸ்-ஜிஈ எஞ்சினை இறக்கப்போறீங்கள் எண்டு வைப்பம். இரண்டும் டொயோட்டாதான். ஆனால் எஞ்சினைக் காரின்ர பொடியில தாங்குற பழைய மவுண்ட் (இரும்பும் றப்பரும் சேந்த தாங்கி) புதுசுக்குப் பொருந்தாது, செய்விக்க வேணும். யாழ்ப்பாணத்துக் கராஜுகளில புதுப் பெடியள் முதல் இரும்பை வெட்டி ஒட்டிப்போட்டு, அதில எஞ்சினை இருத்தப் பாப்பினம். அது தலைகீழ் வேலை. எஞ்சின் நிக்கிற இடம் முடிவான பிறகுதான் இரும்பில கை வைக்கவேணும்.

முதல், கியர்பொக்ஸையும் சேத்துப் பூட்டி, செயின் புளொக்கில தூக்கி இறக்குங்கோ. கார் தன்ர நாலு சில்லிலயும் மட்டமான நிலத்தில நிக்கட்டும். ஜக்கில தூக்கி வச்சால் பின் அச்சு தொங்கும், அளவு பிழைக்கும்.

இனி எஞ்சினைத் தொங்கவிட்டபடியே சுத்திப் பாருங்கோ. ஒயில் சம்ப் குறுக்குச் சட்டத்தில முட்டுதோ? ஸ்ரியறிங் தண்டு, சைலன்சர் குழாய், ரேடியேற்றர் விசிறி, பொனற்? எஞ்சின் ஓடேக்க ஆடும். அதால எல்லாப் பக்கமும் 20 மில்லிமீற்றராவது வெளி விடுங்கோ.

பிறகு சரிவு. கியர்பொக்ஸ் பின்பக்கம் எவ்வளவு பாகை கீழ சரியுதோ, பின் அச்சின்ர நடுவில இருக்கிற டிப்ரென்சலின்ர மூக்கு அதே அளவு மேல நிமிரவேணும். போனில இருக்கிற மட்டம் பாக்கிற அப் போதும். இந்த இரண்டையும் இணைக்கிற தண்டின்ர ஒவ்வொரு ஜொயின்றிலயும் கோணம் 3 பாகைக்குள்ள நிண்டால் நல்லது. மிஞ்சினால் வேகத்தில கார் நடுங்கும்.

இப்ப மட்டை வெட்டி மாதிரி எடுத்து, 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில பிறக்கற் (மவுண்டைப் பிடிக்கிற இரும்புத் தாங்கி) செய்யுங்கோ. மூலையில முக்கோணத் தாங்கு வைக்கவேணும். எஞ்சினின்ர இழுவையில இடப்பக்கம் மேல கிளம்பும், வலப்பக்கம் அமுங்கும். அதால இடப்பக்கத்துக்கு, றப்பர் கிழிஞ்சாலும் விட்டுப்போகாத மாதிரி நடுவால போல்ட் போற மவுண்ட் எடுங்கோ. றப்பர் புதுசா இருக்கட்டும். கொழும்பில பழைய உதிரிப்பாகம் விக்கிற பஞ்சிகாவத்தையில பழசு மலிவா வரும், எனக்கு அதில நம்பிக்கை இல்லை. பொலியூரித்தேன் உறுதிதான், ஆனால் அதிர்வு முழுக்க உங்கட இருக்கைக்கு வரும்.

வெல்டிங்குக்கு முன்னம் பெற்றரியைக் கழட்டுங்கோ. முதல் பிறக்கற்றைச் சின்னச் சின்ன வெல்டிங் பொட்டு வச்சுப் பிடிச்சு, எஞ்சினை வெளிய எடுத்த பிறகுதான் முழு வெல்டிங். உடன பெயின்ற் அடிச்சு விடுங்கோ. பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம் ஓடுற காரை உப்புக்காத்து விடாது.

திரும்ப இறக்கேக்க எல்லாப் போல்ட்டையும் தளர்வாப் போட்டு, எஞ்சினின்ர பாரம் மவுண்டில இறங்கின பிறகு இறுக்குங்கோ. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில தடிச்ச ஏர்த் வயர் கட்டாயம். றப்பர் மின்சாரம் கடத்தாது. வயரை மறந்தால் ஸ்ராட்டரின்ர கறன்ற் அக்சிலறேற்றர் கேபிளால ஓடி அதைக் கருக்கிப்போடும்.

கொஞ்சத் தூரம் ஓடி, சூடு ஆறினாப்பிறகு போல்ட்டுகளை ஒருக்கால் இறுக்கிப் பாருங்கோ. எஞ்சின் இலக்கம் மாறினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதிஞ்சு, பதிவுச் சான்றிதழைத் திருத்தி எடுங்கோ.