ஸ்க்ளீரல் லென்ஸும் பிளஞ்சரும்: புதிதாகப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் ஸ்க்ளீரல் லென்ஸ் என்கிற பெரிய கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதிகம் இல்லை. கெரட்டோகோனஸ் வந்து கருவிழி கூம்பிப்போன கல்லூரிப் பிள்ளைகள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ் ஜான்சன் வந்து கண் வறண்டு போனவர்கள், கருவிழி மாற்று அறுவை செய்துகொண்ட சிலர், அவ்வளவுதான். மதுரையிலோ சென்னையிலோ அளவெடுத்து லென்ஸ் வாங்கி வருவார்கள். ஆஸ்பத்திரியில் நன்றாகப் போட்டுக் காட்டியவர்களுக்கே வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்ததும் கை உதறும். நானும் அதே லென்ஸ் போடுகிறவன் என்பதால், யாராவது சொல்லி என்னிடம் வருவார்கள், பழக்கிவிடுவேன். எங்களைப் போன்ற பழைய ஆட்கள் ஆரம்பத்தில் செய்த அதே தப்புகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நகம் வெட்டுவது, லென்ஸோடு தூங்காமல் இருப்பது எல்லாம் லென்ஸ் கொடுக்கும்போதே சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது பிளஞ்சர் (லென்ஸைப் போடவும் எடுக்கவும் உதவும், தண்டின் நுனியில் கப் வைத்த சின்ன ரப்பர் கருவி), ஸ்டாண்ட் போன்ற துணைக் கருவிகளைப் பற்றி.

பெரியது போட, சின்னது எடுக்க

போடுவதற்கான பெரிய பிளஞ்சரிலேயே இரண்டு வகை உண்டு. தண்டு வழியாகத் துளை உள்ளது உறிஞ்சாது. லென்ஸ் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். துளை இல்லாதது லென்ஸைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸ் கண்ணில் உட்கார்ந்ததும் தண்டை ஒருமுறை அமுக்கினால்தான் பிடியை விடும். அமுக்காமல் கையை இழுத்தால் லென்ஸும் கூடவே வந்துவிடும். "அளவு சரியில்ல போல, கண்ணுல நிக்கவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களில் பலருக்கு அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

முழுதாகக் குனியாமல் போடுவது

ஸ்க்ளீரல் லென்ஸ் கருவிழியைத் தொடாது. சுற்றியுள்ள வெள்ளை விழியின்மேல் உட்கார்ந்திருக்கும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர், நிற்கும். அதனால் லென்ஸைத் ததும்பத் ததும்ப நிரப்பி, முகம் தரையைப் பார்க்கும்வரை குனிந்துதான் போட வேண்டும். கண்ணாடியைச் சுவரில் மாட்டிவைத்துப் போட முடியாது. மேசைமேல் படுக்கவைக்க வேண்டும். தாடை நெஞ்சில் படாவிட்டால் சலைன் ஒரு பக்கம் வழிந்து அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். போட்டபின் கருவிழிக்கு முன்னால், ஓரம் பளபளக்கும் வட்டமாக ஒரு குமிழி தெரிந்தால் தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள். எடுத்துவிட்டு மறுபடி நிரப்பிப் போடுங்கள்.

கை நடுங்குகிற பெரியவர்களுக்கு விளக்கு வைத்த ஸ்டாண்ட் நல்லது. பிளஞ்சரை அது பிடித்துக்கொள்வதால் இரண்டு கையும் இமையை விரிக்கக் கிடைக்கும். துளை வழியாகத் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே குனிந்தால் லென்ஸ் நடுவில் போய் உட்காரும். இமையை முடி முளைக்கிற ஓரத்திலேயே பிடியுங்கள். மேலே தள்ளிப் பிடித்தால் நழுவிவிடும்.

பிளஞ்சரைத் தண்ணீரில் கழுவுவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தப்பு இது. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் ஆச்சியோடு வந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண். லென்ஸைக் கிளீனரில் தேய்த்தாள், சலைனில் அலசினாள், சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. எல்லாம் முடிந்ததும் பிளஞ்சரை மட்டும் குழாயடியில் நீட்டிக் கழுவி, இரண்டு உதறு உதறி, ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினாள். வாங்கிப் பார்த்தேன். கப்பின் விளிம்பை விரலால் பிதுக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வழவழவென்று படிந்திருந்தது. "வீட்லயும் இப்படித்தான் கழுவுறியாம்மா?" என்று கேட்டதற்கு ஆச்சி முந்திக்கொண்டார்: "எங்க கெணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் தம்பி. ஒரு தூசி தும்பு இருக்காது."

இந்தச் சீமையில் இப்படிச் சொல்லத்தான் செய்வார்கள். ஊருணியில் காலை வைக்கவிடாமல் காவல் காத்த ஊர்கள் இவை. முற்றத்தில் விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துச் சேர்த்த வீடுகள். தண்ணீரைக் குறை சொன்னால் வருத்தப்படுவார்கள். நான் குறை சொல்லவில்லை. குடிக்க நல்ல தண்ணீர் கண்ணுக்கும் நல்லது என்று ஆகாது என்பதைத்தான் சொல்கிறேன்.

அகாந்தமீபா என்று ஓர் ஒற்றைச் செல் உயிரி உண்டு. மண்ணில், கிணற்றில், மேல்நிலைத் தொட்டியில், முனிசிபல் குழாயில் எல்லாம் இருக்கும். நிலைமை சரியில்லை என்றால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். குடிநீரில் போடுகிற அளவுக் குளோரினுக்கு அந்த ஓடு அசையாது. அதே தண்ணீரைக் குடித்தால் வயிற்றை ஒன்றும் செய்வதில்லை. கருவிழியில் புகுந்துவிட்டால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் ஹெர்பிஸ் வைரஸால் வரும் புண் மாதிரியே தெரிவதால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். தழும்பு விழுந்தால் கருவிழி மாற்றுவரை போகலாம். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் என்று மாற்றிக்கொள்வதாலும் பயனில்லை. அவை எதுவும் கண்ணுக்கென்று கிருமி நீக்கிய திரவம் இல்லை.

"லென்ஸத்தானே கழுவக்கூடாது? இது வெறும் ரப்பர்தானே?" என்பார்கள். லென்ஸ் உட்கார்வது அந்த ரப்பரில்தான். ததும்பும் சலைன் வழிந்து கப்பில் இறங்குகிறது. பிளஞ்சரைப் பிடித்த விரலே அடுத்து இமையைத் தொடுகிறது. ஸ்க்ளீரலுக்கு அடியில் நிற்கும் திரவம் மற்ற லென்ஸ்களில் போலக் கண்ணீரோடு சீக்கிரம் மாறுவதும் இல்லை. உள்ளே ஏதாவது போய்விட்டால் பொழுதுக்கும் கருவிழியை ஒட்டியே கிடக்கும். பல ஆயிரம் ரூபாய் லென்ஸைப் பொத்திப் பொத்திப் பார்ப்பவர்கள், அதைத் தாங்குகிற பிளஞ்சரை வெறும் கைப்பிடியாக நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை முடிந்ததும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்டையால் உள்ளும் புறமும் துடையுங்கள். திறந்து வைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஆல்கஹால் மிச்சமிருந்தால் கண் எரியும் என்பதால் அடுத்த முறை சலைனில் அலசிவிட்டு எடுங்கள். கை கழுவுவது குழாயில்தான், வேறு வழியில்லை; ஆனால் நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகே எதையும் தொடுங்கள். விளிம்பு கிழிந்தாலோ நிறம் மாறினாலோ பிளஞ்சரைத் தூக்கிப் போடுங்கள். ஒன்றும் ஆகாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு மேல் நான் ஒன்றை வைத்துக்கொள்வதில்லை.

சிவப்பு கொஞ்சமாகவும் வலி அதற்குப் பொருந்தாமல் அதிகமாகவும் இருந்து, வெளிச்சம் பார்க்கவே கூசினால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கருவிழி மருத்துவரிடம் போய்விடுங்கள். லென்ஸ், டப்பா, பிளஞ்சர் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். பரிசோதனைக்குக் கேட்கலாம்.

மல்டிபர்பஸ் சொல்யூஷனை நிரப்பிப் போடுவது

லென்ஸைச் சுத்தம் செய்து ஊறவைக்கும் அந்தத் திரவம் கூடாது. பிரிசர்வேட்டிவ் (கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாத சலைன் மட்டும்.

திறந்த சலைன் பாட்டிலை நாள்கணக்கில் வைத்துக்கொள்வது

500 மில்லி பாட்டில் மலிவுதான். திறந்த பிறகு அதில் கிருமியைத் தடுக்க ஒன்றும் இல்லை. ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் சின்னக் குப்பி வாங்குங்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து போடுவது

பூ வேலைப்பாட்டில் விழுந்த லென்ஸ் கண்ணுக்கே தெரியாது. மேசையில், ஒரே நிறத் துண்டு விரித்து.

நடுவில் ஒட்டி இழுப்பது

எடுக்கும் பிளஞ்சரை லென்ஸின் நடுவில் ஒட்டி நேராக இழுத்தால், அடியில் வெற்றிடம் உண்டாகி லென்ஸ் இன்னும் இறுகும்; கருவிழியையும் சேர்த்து இழுக்கும். மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. முதலில் இரண்டு சொட்டு சலைன் விடுங்கள். லென்ஸ் விளிம்புக்குக் கீழே வெள்ளை விழியை இமையோடு சேர்த்து மெல்ல அமுக்கினால் ஒரு பக்கம் காற்று புகும். பிளஞ்சரையும் சலைனில் நனைத்து, விளிம்போரமாக ஒட்டி, வெளிப்பக்கமாகச் சாய்த்து எடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் லென்ஸ் அந்தக் கண்ணில்தான் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வெறுங்கண்ணில் பிளஞ்சர் ஒட்டினால் கருவிழித் தோல் உரிந்துவிடும். அப்படி ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள்; தண்டை அமுக்கினால் விட்டுவிடும்.

ஒரே பிளஞ்சரோடு வெளியூர் போவது

எடுக்கும் பிளஞ்சர் ஒன்று வீட்டில், ஒன்று பையில், ஒன்று வேலை செய்யும் இடத்தில் இருக்கட்டும். நம் ஊர் மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்காது. வரவழைக்க நாலு நாள் ஆகும்.