கிட்டாருக்குப் பவர்ட் ஸ்பீக்கர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவருக்கு அந்தப் பக்கம், விடிந்ததும் மலைக்குப் போக வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் இரவு நேரத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுக்கும் எவருக்கும் இதுதான் முதல் கவலை. கிட்டாருக்கென்றே செய்த பெரிய அம்ப், சத்தத்தைக் கூட்டினால்தான் உயிர் பெறும், குறைத்தால் சோர்ந்துவிடும். அதனால்தான் அம்ப் உள்ளேயே அடங்கிய சிறிய பவர்ட் ஸ்பீக்கர் பக்கம் பலரும் திரும்புகிறார்கள். நல்ல முடிவுதான். மெல்லிய சத்தத்திலும் முழுமையாகக் கேட்கும், கிட்டார் வாசிக்காத நேரம் பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம்.

ஆனால் கண்டியிலோ கொழும்பிலோ பெட்டியை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, கிட்டார் வயரைச் செருகிய முதல் நிமிடமே மனம் உடைந்துபோகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் ஸ்பீக்கரில் குற்றம் இருக்காது. கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்க வேண்டியது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

கிட்டாரை நேராக ஸ்பீக்கரில் செருகுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதன் தடை ஏறத்தாழ 6 முதல் 16 கிலோ ஓம் வரை வரும். கிட்டார் அம்பின் உள்ளீடு 1 மெகா ஓம் அளவில் இருப்பதால், பிக்கப் தரும் சின்ன மின்னழுத்தம் சேதப்படாமல் உள்ளே போகிறது. பவர்ட் ஸ்பீக்கரின் பின்னால் உள்ள லைன் உள்ளீடோ பொதுவாக 10, 20 கிலோ ஓம்தான். 8 கிலோ ஓம் பிக்கப்பை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் மாட்டினால் கிட்டத்தட்ட பாதி மின்னழுத்தம் வழியிலேயே போய்விடும். மேல் ஸ்தாயியில் இழப்பு இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே பிக்கப்பின் எதிர்ப்பு பல மடங்கு உயர்கிறது. கம்பளிக்குள் பொத்தி வைத்த மாதிரி மங்கலாகக் கேட்பது இதனால்தான். ட்ரெபிளைக் கூட்டினால் இரைச்சல் கூடும். தொலைந்துபோன தெளிவு திரும்பாது.

கரோக்கி மைக் போடும் துளை கிட்டார் வயருக்குப் பொருந்துகிறது என்பதற்காக அதில் மாட்டுவது இன்னும் கெடுதல். மைக் உள்ளீடு பெரும்பாலும் சில கிலோ ஓமுக்குள்தான் இருக்கும்.

நடுவில் வேண்டியது ‘ஹை-இஸட்’ (அதிகத் தடை) அல்லது ‘இன்ஸ்ட்ருமென்ட்’ உள்ளீடு உள்ள ஏதாவது ஒன்று: பல ஒலி விளைவுகளை ஒன்றாக அடக்கிய மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், கிட்டாரை லெப்டொப்போடு இணைக்கும் ஒடியோ இன்டர்ஃபேஸ், அல்லது கிட்டாரிலேயே செருகும் சிறு ஹெட்போன் அம்ப். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் அதை அழுத்த மறக்காதீர்கள். கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் ஸ்பீக்கருக்கே கொடுத்துவிட்டு, இந்த நடுச் சாமானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது சரியல்ல. பணம் குறைவென்றால் முதலில் மல்டி எஃபெக்ட்ஸையும் ஒரு ஹெட்போனையும் வாங்குங்கள். ஸ்பீக்கர் அடுத்த போனஸ் வரை காத்திருக்கட்டும்.

குளவி இரைச்சல்

இரண்டாவது ஏமாற்றம், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைப் போட்டவுடன் வரும். குளவிக்கூட்டைக் கலைத்தது போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு கூர்மை. காரணம் எளிது. கிட்டார் அம்பில் இருக்கும் 10, 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வேகமாக மங்கிவிடும். நாம் பதிவுகளில் கேட்டு ரசித்த கிட்டார் ஒலி எல்லாம் அந்த வடிகட்டலைத் தாண்டி வந்தது. பவர்ட் ஸ்பீக்கரோ 20,000 ஹேர்ட்ஸ் வரை உள்ளதை உள்ளபடி கொடுக்கும். டிஸ்டோர்ஷன் பெடல் உண்டாக்கும் கரகரப்பு முழுவதும் வடிகட்டப்படாமல் காதில் விழுகிறது.

இதற்கு மருந்து, கிட்டார் அம்பின் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் வடிகட்டலைப் போலச் செய்யும் ‘கேப் சிமுலேஷன்’. மல்டி எஃபெக்ட்ஸில் ‘கேப்’ அல்லது ‘ஐ.ஆர்.’ என்ற பெயரில் இருக்கும். ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போகும்போது அது போட்டிருக்க வேண்டும். உண்மையான கிட்டார் அம்புக்குள் போகும்போது நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒலி சேற்றுக்குள் அமுங்கும். இன்டர்ஃபேஸும் லெப்டொப்பும் உள்ளவர்கள் அம்பின் ஒலியைப் போலச் செய்யும் நியூரல் அம்ப் மொடலர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் ஏற்றும் பல கோப்புகள் ஸ்பீக்கர் பெட்டி இல்லாத அம்பின் தலையை மட்டும் பிடித்தவை, கேப் ஐ.ஆர். கோப்பைத் தனியாக ஏற்றாவிட்டால் அதே குளவி திரும்ப வரும்.

கடையில் பழைய பெடல் ஒன்றைக் காட்டி, இதை நடுவில் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. ‘பஃபர்’ (பிக்கப்பின் மின்னழுத்தம் சேதப்படாமல் அடுத்த உள்ளீட்டுக்குப் போகச் செய்யும் சுற்று) உள்ள பெடல் முதல் பிரச்சினையைத் தீர்க்கும், இரண்டாவதைத் தீர்க்காது. டிஸ்டோர்ஷன் இல்லாத கிளீன் ஒலி மட்டும் வாசிப்பவருக்கு அது போதுமானது.

புளூடூத்தில் கிட்டார்

வயர் தொல்லை இல்லை என்று போனிலிருந்து புளூடூத் வழியாகக் கிட்டாரை ஸ்பீக்கருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். சாதாரண புளூடூத் தாமதம் 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை போகும். காற்றில் ஒலி செக்கனுக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக 200 மில்லிசெக்கன் என்பது, லயத்தின் கோடிக் காம்பராவையும் தாண்டி ஏறத்தாழ 70 மீட்டர் தள்ளி ஸ்பீக்கரை வைத்துவிட்டு இங்கிருந்து வாசிப்பது போல. கை முந்தும், காது பிந்தும், தாளம் நிற்காது. 10 மில்லிசெக்கன் அளவில் இருந்தால் விரலும் ஒலியும் ஒன்றாகத் தெரியும்.

கிட்டாருக்கு எப்போதும் வயர். பின்னணி இசையைப் போனிலிருந்து புளூடூத்தில் விடலாம். அது எத்தனை பிந்தினாலும் நீங்கள் கேட்பதோடுதான் சேர்ந்து வாசிக்கிறீர்கள். லெப்டொப்பில் வாசிப்பவர்கள் மென்பொருளில் ‘பஃபர் சைஸ்’ (லெப்டொப் ஒருமுறைக்கு எடுக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) என்ற எண்ணைப் பாருங்கள். 48 கிலோ ஹேர்ட்ஸில் 512 வைத்தால் ஒரு வழிக்கே 10.7 மில்லிசெக்கன், 128 வைத்தால் 2.7. உள்ளே போக ஒருமுறை, வெளியே வர ஒருமுறை என்று இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 128இல் படபடவென்று வெடித்தால் 256க்கு ஏற்றுங்கள்.

பெட்டியில் எழுதிய வாட்டை நம்புவது

‘பி.எம்.பி.ஓ.’ (ஒரு கண நேர உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் எழுதிய எண்ணுக்கு எந்த மதிப்பும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய வாட்டைச் சொல்லும் ‘ஆர்.எம்.எஸ்.’ என்று போட்டதை மட்டும் படியுங்கள். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ 10 மடங்கு வாட் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்து வாசிக்க ஒரு பெட்டிக்கு 20, 25 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

வாட்டைவிட, கீழ் ஸ்தாயியைத் தரும் ஊஃபரின் அளவு முக்கியம். கிட்டாரின் தடித்த இ தந்தி 82.4 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. மூன்றரை அங்குல ஊஃபர் அந்த எல்லையில் மூச்சு வாங்கும். ப்ரீசோனஸ் ஈரிஸ் 3.5 போன்ற பெட்டியே 80 ஹேர்ட்ஸ் வரைதான் என்று தன் அட்டையில் சொல்கிறது. 4 அங்குலம் போதும், 5 இருந்தால் நிம்மதி. எடிஃபயர் ஆர்1280டி, எம்ஆர்4 இரண்டும் 4 அங்குல வகை, ஜோடிக்கு 42 வாட் ஆர்.எம்.எஸ். முன்னதில் ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளைத் துளைகள்) உள்ளீடுகள் மட்டுமே, பின்னதில் டி.ஆர்.எஸ். (கிட்டார் பிளக் அளவிலான, மூன்று தொடர்புள்ள) உள்ளீடும் இருப்பதால் மல்டி எஃபெக்ட்ஸுக்கு வசதி. ஜேபிஎல் 305பி, யமஹா எச்எஸ்5 போன்ற 5 அங்குல ஸ்டூடியோ மொனிட்டர்கள் இன்னும் சுத்தமானவை, ஆனால் அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு பெட்டியின் விலையைத்தான் எழுதுவார்கள். ஜோடி விலை என்று நினைத்துப் போய்த் திரும்பாதீர்கள். ஒன்று மட்டும் வாங்குவதிலும் தவறில்லை. கிட்டார் மோனோ ஒலிதான்.

சப்ஊஃபரோடு வரும் 2.1 ஹோம் தியேட்டர் செட்டை கிட்டாருக்கு வாங்க வேண்டாம். சின்னப் பெட்டிகளுக்கும் சப்ஊஃபருக்கும் நடுவே, கிட்டாரின் உடல் இருக்கும் கீழ்-நடு ஸ்தாயியில், பள்ளம் விழுவது வழக்கம். சுவரைத் துளைத்துப் பக்கத்துக் காம்பராவுக்குப் போவதும் அந்தப் பேஸ்தான்.

வயரில் நடக்கும் மாயம்

மல்டி எஃபெக்ட்ஸின் ஹெட்போன் துளையிலிருந்து மூன்று தொடர்புள்ள டி.ஆர்.எஸ். வயரில் ஒரு மொனிட்டரின் பேலன்ஸ்ட் உள்ளீட்டுக்குக் கொடுத்தால் கிட்டார் காணாமல் போய், ரிவேர்ப் மட்டும் ஆவி போல மிதக்கும். பழுதென்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. பேலன்ஸ்ட் உள்ளீடு இடது, வலது இரண்டையும் கழித்துப் பார்க்கிறது. கிட்டார் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதால் பூச்சியமாகிவிடுகிறது. எஃபெக்ட்ஸின் ‘லெஃப்ட்/மோனோ’ துளையிலிருந்து சாதாரணக் கிட்டார் வயர் ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்தது. ஆர்.சி.ஏ. பெட்டியாக இருந்தால் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி வயர்.

எர்த், இடி, ஈரம்

மலையகத்தில் வேறெதையும்விட இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். பழைய லயங்களிலும், பிறகு கூட்டிக் கட்டிய காம்பராக்களிலும் எர்த் வயர் சரியாக வந்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது. இரண்டு முள் பிளக்கைப் பேனாவால் தள்ளித் திறந்து சதுரத் துளைக்குள் நுழைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கிட்டார் தந்திகள் வயரின் வழியாக ஸ்பீக்கர் வரை தொடர்புள்ள உலோகம் என்பதை மறக்கக் கூடாது. தந்தியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் அது இயல்பு. விரலில் சுரீர் என்றால் வாசிப்பதை நிறுத்தி, கரண்ட் வேலை தெரிந்தவரை அழைத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைக் குறைக்க எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். உயிர் போகும் வேலை அது.

அந்த இரைச்சலுக்கு வேறு வழிகள் உண்டு. லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் குற்றவாளி அதுதான். எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் கொடுங்கள். சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால் ஸ்பீக்கரைவிட்டு இரண்டடி விலகி, உடம்பைத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் அடங்கும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களில் ‘ஏசி 100 வோல்ட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகப் போட முடியாது. பின்னால் 115/230 சுவிட்ச் உள்ள பெட்டிகளில் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி வரும். சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைக் கழற்றுங்கள். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் ப்ரொடெக்டர் பாதி வேலைகூடச் செய்யாது. காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால், திரும்ப வருமுன் ஸ்பீக்கரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வழக்கமான வரிசையும் அதுதான்: போடும்போது ஸ்பீக்கர் கடைசி, அணைக்கும்போது முதல். இல்லாவிட்டால் ‘டுப்’ என்ற அடி ஊஃபருக்கு.

நுவரெலியா பக்கத்துப் பனியிலும் அடைமழையிலும் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகைப் பெட்டி ஈரம் குடித்து ஊதும், துளைகளில் துரு பிடிக்கும், வொல்யூம் திருகி கரகரக்கும். ஈரம் கசியும் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, அடுப்புப் புகை படாத இடத்தில் வையுங்கள். சுவரிலிருந்து தள்ளி வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குமுறும். அடியில் மடித்த துவாய் ஒன்றைப் போட்டு, மேல் ஸ்தாயியைத் தரும் ட்வீட்டர் காதை நோக்கும்படி லேசாகச் சாய்த்தால் மேசையின் அதிர்வும் அடங்கும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மட்டும் அதோடு போட்டி போட வேண்டாம். ஹெட்போனை எடுங்கள்.

கடையில்

உங்கள் கிட்டார், உங்கள் மல்டி எஃபெக்ட்ஸ், உங்கள் வயர் மூன்றையும் எடுத்துக்கொண்டே போங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும். வீட்டில் வாசிக்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, தடித்த தந்தியில் ஒரு பவர் கோர்ட், பிறகு மேல் ஃப்ரெட்டில் ஒரு நீண்ட பெண்ட் வாசித்துப் பாருங்கள். எதுவும் வாசிக்காமல் ஒரு முழம் தூரத்தில் காதை வைத்து, சும்மா இருக்கும்போது எவ்வளவு இரைகிறது என்றும் கேளுங்கள். இரவில் அதுதான் உறுத்தும். வாரண்டி கம்பனியுடையதா, கடையுடையதா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பெட்டியோடு வந்த ரெஜிபோமை அடுப்படிக்கோ குப்பைக்கோ அனுப்பாமல் வாரண்டி முடியும்வரை வைத்திருங்கள். திரும்ப அனுப்ப நேர்ந்தால், வளைவுக்கு வளைவு ஆடும் பஸ்ஸில் அதைத் தவிர வேறெதுவும் அந்தப் பெட்டியைக் காக்காது.