ஆம்ஸ்டர்டாமில் தொடர்பியல் படிக்கச் செல்வோர் கவனத்துக்கு

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படிக்க விரும்புவோர், அது செய்தி எழுதவோ படம் பிடிக்கவோ பயிற்றும் படிப்பு அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஊடகச் செய்திகள் மக்களின் எண்ணத்தையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் கருத்துக்கணிப்பு, பரிசோதனை, உள்ளடக்கப் பகுப்பாய்வு ஆகியவற்றால் அளந்தறியும் சமூக அறிவியல் அது. ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய மாதங்களில் அடிப்படைப் புள்ளியியலைப் பழகிக்கொள்ளுங்கள். சராசரி, திட்ட விலக்கம் (தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு), ஒட்டுறவு (இரு அளவுகள் சேர்ந்து மாறும் தன்மை) ஆகிய மூன்றும் தெளிவாகப் புரிந்திருந்தாலே ஆய்வுமுறைப் பாடங்களின் அச்சம் பெரிதும் குறையும்.

முதுகலைப் படிப்பு ஓராண்டில் 60 அலகுகளும் (ECTS எனப்படும், படிப்புச் சுமையை அளக்கும் அலகு), ஆய்வு முதுகலை இரண்டாண்டுகளில் 120 அலகுகளும் கொண்டது. முனைவர் பட்டத்தை நாடுவோருக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் கருத்து. நெதர்லாந்தில் ஓர் அலகு 28 மணி நேர உழைப்பாகக் கணக்கிடப்படுவதால், பகுதிநேர வேலையை ஏற்குமுன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அந்நகரில் அறை கிடைப்பது மிகக் கடினம்; எனவே அனுமதி வந்தவுடனேயே தேடத் தொடங்குங்கள். அந்த முகவரியில் வசிப்பவராக உங்களை நகராட்சியில் பதிவு செய்துகொள்ள வீட்டு உரிமையாளர் இசைகிறாரா என்பதை முன்பணம் தருமுன் எழுத்தில் கேட்டுக்கொள்வது மிகவும் அவசியம்.