மாடல் ரயிலுக்கு ஜல்லி: பாக்கெட் வாங்க வேண்டாம்

ஏறிக்கொண்டே போகும் எஞ்சின் விலைக்கு நாம் ஒன்றும் செய்வதற்கில்லை; ஜல்லியில் மிச்சம் பிடிக்கலாம். ஹெச்ஓ என்ற மாடல் ரயில் அளவு நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87) என்பதால், நிஜத் தண்டவாளத்தின் 50 மி.மீ. ஜல்லி இங்கே 0.6 மி.மீ.தான். ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, தூசியைப் புடைத்து நீக்குங்கள். காகிதம் சுற்றிய காந்தத்தை மணலுக்குள் நன்றாக அளையவிடுங்கள், கருந்துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுவைத்தால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

மணலைத் தண்டவாளத்தில் பரப்பியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து நனையுங்கள். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். நனைக்காவிட்டால் பசை முத்தாக உருண்டு மணலைக் குழிக்கும். பாயின்ட்டில் (ரயில் தடம் மாறும் இடம்) நகரும் நாக்குப் பக்கம் பசை போனால் அது அசையாமல் ஒட்டிக்கொள்ளும். மிச்சம் பிடித்ததெல்லாம் புது பாயின்டுக்கே போய்விடும்!