கறுத்த வெள்ளியைத் தேய்க்காமல் வெளுக்கும் முறை

பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழும் கொலுசும் களையிழந்து கறுத்துப்போவதற்கு அழுக்கு காரணமன்று. காற்றில் மிகச் சிறிதளவே கலந்துள்ள கந்தக வாயு வெள்ளியோடு வினைபுரிந்து, வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலமாகப் படிவதே காரணம். பல்பொடியோ சாம்பலோ இட்டு அழுத்தித் தேய்த்தால் அப்படலத்தோடு வெள்ளியும் தேயும். எங்கள் வீட்டுச் சிமிழின் மூடியிலிருந்த பூவேலைப்பாடு அப்படித்தான் மழுங்கிப்போனது. இன்றும் அதைத் தடவிப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

அதற்குப் பதிலாக, ஒரு பீங்கான் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, பொருள் அத்தாளைத் தொடும்படி வைத்து, இரண்டு தேக்கரண்டி சமையல் சோடாவைத் தூவி, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றுங்கள். கந்தகத்தை அலுமினியம் தன்பால் ஈர்த்துக்கொள்ள, வெள்ளி தன் நிறத்துக்குத் திரும்பும். அப்போது அழுகிய முட்டையின் வாடை லேசாக எழக்கூடும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் எடுத்து, நல்ல நீரில் அலசி, பருத்தித் துணியால் ஈரமறத் துடைக்க வேண்டும்.

கல் பதித்த நகைகளுக்கும், வேலைப்பாட்டின் பள்ளங்களில் அழகுக்காகவே கருமை ஏற்றிய ஆக்சிடைஸ்டு நகைகளுக்கும் இம்முறை கூடாது. கொலுசுகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைப்பதையும் தவிருங்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு.