டவுட்: சந்தேகத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது

புதிதாக மொழிபெயர்க்க வந்த ஒருவரின் விசாரணை அறிக்கையைப் போன வாரம் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஆரம்ப காலத்தில் நான் செய்த அதே பிழை. எழுத்துப் பிழை, காலப் பிழையெல்லாம் யார் கண்ணிலும் படும், அவற்றை விடுகிறேன். இது இலக்கணம் சுத்தமாக இருந்தும் பொருளைத் தலைகீழாக்கும் பிழை.

சந்தேகம் எல்லாம் டவுட் அல்ல

மூலத்தில் இருந்தது: "அவர்தான் பணத்தை எடுத்திருப்பார் என்று சந்தேகிக்கிறேன்." அவர் எழுதியது: "ஐ டவுட் ஹி டுக் த மணி." ஆங்கிலம் படிப்பவருக்கு இதன் பொருள், "அவர் எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை." குற்றம் சாட்டியவரே நற்சான்று கொடுத்ததாகிவிட்டது. அங்கே வரவேண்டியது சஸ்பெக்ட்.

எனக்கு நேர்ந்ததும் ஓர் உள்விசாரணையில்தான். "கையெழுத்தை மாற்றியது மேற்பார்வையாளராக இருக்குமோ என்று சந்தேகம்" என்றார் ஒரு தொழிலாளி. நான் டவுட் என்று எழுதினேன். விசாரித்தவருக்குத் தமிழ் தெரியாது. அடுத்த அமர்வில் அவர் தொழிலாளியைப் பார்த்து, "போன முறை அவர் செய்திருக்க மாட்டார் என்றீர்கள், இன்று ஏன் மாற்றிப் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பிழை என்னுடையது என்று அங்கேயே சொன்னேன், திருத்தியும் கொடுத்தேன். ஆனாலும் பேச்சை மாற்றுகிறவர் என்ற பெயர் அவர்மேல் விழுந்தது விழுந்ததுதான். இந்தப் பிழையை யாரிடம் கண்டாலும் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

இத்தனைக்கும் விடை நம் தமிழிலேயே இருக்கிறது. "மழை வருமா என்பது சந்தேகம்" என்றால் வராது என்ற பக்கம் மனம் சாய்கிறது, இது டவுட். "மழை வருமோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்றால் வரும் என்ற பக்கம் சாய்கிறது, இது சஸ்பெக்ட். 'சந்தேகம்' என்ற சொல்லை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருப்பது ஆவா, ஓவா, 'என்று' மட்டுமா எனப் பாருங்கள். அப்புறமும் குழப்பமென்றால், டவுட் இருக்கும் இடத்தில் 'ஐ டோன்ட் திங்க்' என்று போட்டுப் படியுங்கள். நீங்கள் சொல்ல வந்தது மாறினால் சொல் தவறு.

ஆளைக் குறிக்கும்போதும் இதே கதைதான். 'ஐ டவுட் ஹிம்' என்றால் அவர் பேச்சில் நம்பிக்கையில்லை. 'ஐ சஸ்பெக்ட் ஹிம்' என்றால்தான் அவர் செய்திருப்பார் என்ற ஐயம்.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய வேர் உண்டு. டவுட், லத்தீன் 'டுபிட்டாரே'யிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'டுவோ', அதாவது இரண்டு, என்பதோடு உறவுள்ள சொல். மனம் இரண்டு பக்கமும் ஊசலாடுவது. பிரெஞ்சில் அதற்கு அஞ்சுதல் என்ற பொருளும் இருந்தது. 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'ஐ டவுட்' என்றால் 'இப்படி இருக்குமோ என்று அஞ்சுகிறேன்' என்றும் பொருள். ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் இன்றைய பொது ஆங்கிலத்தில் அந்த வழக்கு இல்லை.

பி ஒலிக்காது

டவுட்டை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் பி, லத்தீன் மூலத்தைக் காட்டப் பிற்காலத்தில் எழுத்தில் நுழைத்தது.

ஐ ஹேவ் எ டவுட்

வகுப்பில் கை தூக்கி நாம் சொல்வது. இந்திய ஆங்கிலத்தில் இதற்கு 'ஒரு கேள்வி' என்று பொருள், இங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெளிநாட்டவரிடம் சொன்னால், அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று கேட்கும். விளக்கம் வேண்டுமென்றால் 'க்வெஸ்சன்' போதும்.

நோ டவுட்

'சந்தேகமே இல்லை' என்று நினைத்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் 'இருக்கலாம்', 'இருக்கும்தான்' என்ற அளவுக்கே நிற்கும். பின்னாலேயே ஒரு 'ஆனால்' வரும். 'நோ டவுட் ஹி வொர்க்ட் ஹார்ட், பட்...' என்று தொடங்கினால் உழைப்பை ஒப்புக்கொண்டு குறை சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம். முழு உறுதிக்கு 'வித்தவுட் எ டவுட்' இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் மொழிபெயர்க்கிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

ஐ ஆம் டவுட்டிங்

'ஐ டவுட்' போதும்.