பார்மசி கல்லூரிச் சேர்க்கை நேர்காணல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்மசி படிப்பில் சேர நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றால், மதிப்பெண்களைப் பொறுத்தவரை அந்த மாணவர் பெரும்பாலும் தேறிவிட்டார் என்று கொள்ளலாம். மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே குழுவின் கையில் இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் இவரை நம்பி மருந்தையும் நோயாளியையும் ஒப்படைக்கலாமா என்பதை அறியவே நேரில் அழைக்கிறார்கள். இதை உணராத மாணவர்கள் தங்களைப் பற்றி எப்படி அழகாகப் பேசுவது என்பதிலேயே வாரக்கணக்கில் மூழ்கிவிடுகிறார்கள். மருந்தாளுநர் ஒருவர் காலை முதல் மாலை வரை என்ன வேலை செய்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே அறைக்குள் நுழைகிறார்கள். பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்தே கிளைக்கின்றன.

"ஏன் பார்மசியைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா நேர்காணலிலும் வரும். "எனக்கு அறிவியல் பிடிக்கும், மக்களுக்கு உதவவும் பிடிக்கும்" என்பதே இதற்கு அதிகம் சொல்லப்படும் பதில். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் செவிலியர் படிப்புக்கும் பல் மருத்துவத்துக்கும் இயன்முறை மருத்துவத்துக்கும் அதே பதிலை அப்படியே சொல்லலாம் என்பதுதான் சிக்கல். நீங்கள் எழுதிவைத்திருக்கும் பதிலில் பார்மசி என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொரு துறையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தி வருகிறதென்றால் அந்தப் பதிலைத் திருத்தி எழுத வேண்டும். மருந்தாளுநரால் மட்டுமே செய்யக்கூடிய, அல்லது அவரே கடைசி அரணாக நிற்கும் ஏதேனும் ஒரு வேலை உங்கள் பதிலில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். மருந்துச்சீட்டில் தவறுதலாக "தினமும்" என்று எழுதப்பட்டு, அது அப்படியே நோயாளியின் கைக்குப் போய்விட்டால், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பவர் மருந்தாளுநர். இப்படி ஒரு வேலையைத் தெரிந்துவைத்திருப்பவர் "உதவ விரும்புகிறேன்" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எடை கூடுகிறது.

மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காததால் பார்மசிக்கு வந்தவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதை மறைக்க முயன்று மாட்டிக்கொள்வதும், பார்மசியை ஆறுதல் பரிசு போலப் பேசுவதும்தான் கெடுதல். முன்பு வேறு எண்ணம் இருந்தது, இன்ன காரணத்தால் அது மாறியது என்று நேராகச் சொல்லிவிடலாம். காரணம் உண்மையாக இருந்தால் போதும்.

துறையைத் தெரிந்துகொள்ள வலைத்தளங்களை மட்டும் நம்புவது அடுத்த தவறு. மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ பணிபுரியும் மருந்தாளுநர் ஒருவரிடம் அனுமதி பெற்றுச் சில மணி நேரம் கூடவே இருந்து பார்ப்பது நல்லது. அப்படிப் பார்த்தவர்களில் பலர் நேர்காணலில் "நான் இத்தனை மணி நேரம் அங்கே இருந்தேன்" என்று கணக்குச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். குழுவுக்கு வேண்டியது மணிக்கணக்கு இல்லை, அங்கே கண்ணில் பட்டது. முதியவர் ஒருவர் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளை ஒன்றாக நீட்டியபோது, ஒரே வலி நிவாரணி இரண்டு வணிகப் பெயர்களில் இருப்பதை மருந்தாளுநர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது போன்ற ஒரே ஒரு காட்சியை விவரித்தாலே போதும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. ஆர்வக்கோளாறில் அந்த நோயாளியின் பெயரையோ, அவர் இன்னார் என்று அடையாளம் காட்டும் விவரங்களையோ சொல்லிவிட்டால், நல்ல அனுபவமே உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறிவிடும். நோயாளியின் தகவலைக் காப்பது இத்தொழிலின் அடிப்படை ஒழுக்கம். அதைக் குழு தனியாகக் கேள்வி கேட்டுத்தான் சோதிக்கும் என்பதில்லை.

பதில்களை மனப்பாடம் செய்வது கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் கூடாது என்று சொல்வதில்லை. மனப்பாடப் பதில் முதல் கேள்விக்குத் தாங்கும், அதையொட்டி வரும் குறுக்குக் கேள்விக்குத் தாங்காது. வாக்கியங்களை எழுதிப் படிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு அனுபவத்துக்கும் நான்கைந்து குறிப்புச் சொற்களை மட்டும் எழுதி, ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் குறுக்குக் கேள்வியில் நிலைகுலைய நேராது. இணையவழி நேர்காணலில் திரையின் ஓரத்தில் பதிலை ஒட்டிவைத்துப் படிப்பவர்களின் கண்ணசைவு எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகவே தெரியும்.

பல கல்லூரிகள் இப்போது ஒரே நீண்ட உரையாடலுக்குப் பதிலாகக் குறு நேர்காணல் வரிசையை நடத்துகின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் சேர்க்கைக்காக 2000களின் தொடக்கத்தில் உருவான இம்முறை, பின்னர் பார்மசிக்கும் வந்தது. இதில் மாணவர் நிலையங்கள் எனப்படும் பல அறைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் சில நிமிடங்கள்தான். உள்ளே போகுமுன் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் கற்பனைச் சூழலைப் படித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் தருவார்கள். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

மருந்துச்சீட்டு இல்லாமல் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் கேட்டு ஒரு தந்தை வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "சட்டப்படி தர முடியாது" என்று முதல் வாக்கியத்திலேயே கதவைச் சாத்துகிறார் ஒரு மாணவர். பாவம் என்று இரங்கிக் கொடுத்துவிடுகிறார் இன்னொருவர். தாமே மருத்துவராகி அமாக்சிசிலின் என்று மருந்தின் பெயரையே சொல்லி, அளவையும் சேர்த்துச் சொல்கிறார் மூன்றாமவர். இந்த மூவருமே குழந்தைக்கு என்ன வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக இருக்கிறது, வேறு மருந்து கொடுத்தாரா, ஒவ்வாமை உண்டா என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஆன்டிபயாடிக் தரக்கூடாது என்ற முடிவு சரியானதுதான். ஆனால் விசாரித்த பிறகு, அது சாதாரணச் சளியாகத் தெரிந்தால், அதற்குக் காரணம் வைரஸ் என்பதையும் அதன்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதையும் எளிமையாக விளக்கி, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பும்போதுதான் அந்த மறுப்பு பராமரிப்பாகிறது. சில நிலையங்களில் நோயாளியாக நடிப்பவர் எதிரில் இருப்பார். அவரைப் பார்த்துப் பேசாமல், மூலையில் மதிப்பெண் போடுபவரைப் பார்த்துப் பேசுவது வியப்பூட்டும் அளவுக்குப் பரவலான தவறு.

மருந்து மாறிப் போய்விட்டது, நோயாளி வீட்டுக்குப் போய்விட்டார், தவறு செய்தவர் உங்கள் நண்பர் என்பது இன்னொரு வகைச் சூழல். நண்பரைக் காட்டிக்கொடுப்பதா, காப்பாற்றுவதா என்ற தர்க்கத்தில் பாதி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். நோயாளி அந்த மாத்திரையை விழுங்கிவிட்டாரா என்பதே முதல் கேள்வி. அவரைத் தொடர்புகொள்வது, தேவைப்பட்டால் மருத்துவருக்குத் தெரிவிப்பது, பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்வது, ஏன் நேர்ந்தது என்று ஆராய்வது என்ற வரிசையில் போனால், நண்பரின் விவகாரம் தனக்குரிய இடத்தில் தானே வந்து அமரும்.

சில கல்லூரிகள் சிறு கணக்குகளும் வைப்பதுண்டு. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளை மருந்து தர வேண்டும், மருந்துநீரின் செறிவு 5 மி.லி.க்கு 250 மி.கி. என்றால் எத்தனை மி.லி. தர வேண்டும் என்பது போன்ற கேள்விதான். 300 மி.கி. தேவை, ஆகவே 6 மி.லி. கணக்கு எளிதானது, பதற்றத்தில் அலகை மறப்பதும், விடை வந்ததும் அது நடைமுறைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்காமல் விடுவதும்தான் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. 60 மி.லி. என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் மாணவர், ஒரு குழந்தை ஒரே வேளையில் அத்தனை குடிக்குமா என்று தன்னையே கேட்டிருந்தால் தசமப் புள்ளி இடம் மாறியது தெரிந்திருக்கும். படிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவது நல்லது. விடை தவறினாலும் சிந்தனைக்கு மதிப்பெண் கிடைக்கலாம்.

பழைய கையேடுகளை வைத்துத் தயாராவதையும் தவிர்க்க வேண்டும். அமெரிக்கப் பார்மசி கல்லூரிகள் பல ஆண்டுகள் கேட்டுவந்த பி.கேட் என்ற சேர்க்கைத் தேர்வு 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது. பிரிட்டனில் 2026 முதல் புதிதாகத் தகுதி பெறும் மருந்தாளுநர்கள், பதிவு செய்யும்போதே மருந்து எழுதித்தரும் உரிமையும் பெறுகிறார்கள். விண்ணப்பிக்கும் நாட்டில் இத்தொழில் எந்தத் திசையில் நகர்கிறது என்று தெரியாமல் "பத்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்ற கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் சொல்ல முடியாது.

ஒரு பாடத்தில் மதிப்பெண் குறைந்ததற்கு ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால் "நான் அளவுக்கு மீறி உழைப்பேன்" என்று சொல்லவும் வேண்டாம். அதைக் கேட்டுக் கேட்டுக் குழுவினருக்குச் சலித்துவிட்டது. உடை சுத்தமாக இருந்தால் போதும், கைபேசி அணைந்திருக்க வேண்டும்.

முடிவில் "எங்களிடம் ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். கல்லூரியின் வலைத்தளத்திலேயே இருக்கும் கட்டணத்தையோ விடுமுறையையோ கேட்பதைவிட, எந்த ஆண்டிலிருந்து மாணவர்கள் நோயாளிகளை நேரில் சந்திக்கத் தொடங்குகிறார்கள், அப்போது அவர்களை மேற்பார்வையிடுபவர் யார் என்று கேட்கலாம்.